பின்னோக்கி ஓட்டியும் அசையாத எண்

கிட்வே நகரக் காவல் நிலையத்தில், துணை ஆய்வாளர் நமுகோலோ சித்தாலி முன்னிலையில், சான்றாளர் தாமே முன்வந்து கொடுத்த வாக்குமூலம். அவர் சொன்ன சொற்களிலேயே எழுதப்பட்டது.

பெயர்: முவாபா சிபேசா. அகவை: முப்பத்து நான்கு. முகவரி: வுசாகிலே குடியிருப்பு, கிட்வே. தொழில்: கணினி நிரல்களில் வழுநீக்கும் பணி. சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் மேடைப் பேச்சாளர். இறந்துபோன கசோன்டே சிபேசாவின் உடன்பிறந்த அக்காள்.

நடுவர் அவர்களே! இவ்வழக்கின் முடிவுக்குக் காத்திருக்கும் கிட்வே மக்களே! கணவனையும் மகனையும் நிலத்துக்கடியில் அனுப்பிவிட்டுச் சங்கொலிக்குச் செவி கொடுத்திருக்கும் தாய்மாரே! என் தம்பியைக் கொல்லாத ஒருவரை நீங்கள் சிறையில் வைத்திருக்கிறீர்கள். கொன்ற பிழையை வெளியே விட்டு வைத்திருக்கிறீர்கள். அந்தப் பிழை இன்றும் சுரங்கத்தின் கிழக்கு வாயிலில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. இதுவே என் முறையீடு.

வாக்குமூலத்தை இப்படித் தொடங்கும் வழக்கமில்லை என்றும், நடந்ததை வரிசைப்படி சொல்ல வேண்டும் என்றும் துணை ஆய்வாளர் அறிவுறுத்தினார். வரிசைப்படியே சொல்கிறேன். மேலே சொன்னதை அடிக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். அவர் அடிக்கவில்லை.

சென்ற மழைக்காலத்தில், சுரங்கத்தின் பழைய வாயிலில், ஆட்களை இறக்கிச் சென்ற கூண்டு அடித்தளத்தில் மோதியதில் என் தம்பி உட்பட அறுவர் இறந்தார்கள். அந்தக் கூண்டை ஏற்றி இறக்கும் பொறியை அன்று இயக்கியவர் கபாசோ. அந்தப் பொறிக்கு இரண்டு வேகங்கள் உண்டு. ஆட்கள் ஏறினால் மெதுவான ஆள் வேகம். தாதுக்கல் ஏற்றினால் விரைவான கல் வேகம். கபாசோவின் கைக்கருகே உள்ள ஒரு விசையைத் திருப்பினால் வேகவரம்பு மாறும். கூடவே 'ஆள்' என்றோ 'கல்' என்றோ ஒரு விளக்கு எரியும். அன்று கூண்டு கல் வேகத்தில் இறங்கியது. இதை இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன. தாம் விசையை ஆளுக்குத் திருப்பியதாகவும், விளக்கு எரிந்ததைப் பார்த்த பிறகே நெம்புகோலைத் தொட்டதாகவும் கபாசோ சொன்னார். அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

அதன் பிறகு அடக்கம் நடந்தது. அடக்கத்துக்கு என்னோடு ஒரே பணிக்கூடத்தில் வேலை பார்க்கும் மவூட்டோ ஜெரே வந்திருந்தான். நாங்கள் பெம்பா, அவன் ங்கோனி. இரு குலத்தாரும் கேலி உறவுக்காரர்கள். அவர்கள் எங்களைக் குரங்குதின்னி என்பார்கள், நாங்கள் அவர்களை எலிதின்னி என்போம். இழவு வீட்டிலும் கேலி பேசும் உரிமை அவர்களுக்கு உண்டு, சினங்கொள்ளும் உரிமை எங்களுக்கு இல்லை. பெட்டியை இறக்கும்போது ஜெரே குழிக்குக் குறுக்கே படுத்துக்கொண்டான்.

"ஒரு கோழி குடுத்தாத்தான் எந்திரிப்பேன். குரங்குதின்னிக் கூட்டத்துல ஒருத்தன் கொறஞ்சிட்டான், இன்னிக்குக் காட்டுல குரங்கெல்லாம் கல்யாணம் கொண்டாடுதாம்" என்றான்.

அழுதுகொண்டிருந்த என் தாயார் சிரித்துவிட்டார். கோழி கொடுத்தோம். எழுந்தபோது அவன் முகத்தில் அப்பியிருந்த செம்மண்ணில் கண்ணீர் இரண்டு கோடுகள் போட்டிருந்ததைக் கண்டேன்.

அதன் பிறகு விபத்து விசாரணைக் குழு ஜெரேயை நிரல் ஆய்வாளராக அமர்த்தியது. இங்கே எங்கள் தொழிலைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல வேண்டும். ஒரு நிரல் ஓடும்போது அதில் எங்கே பிழை என்று தேட உதவும் கருவிக்கு வழுநீக்கி என்று பெயர். உலகெங்கும் பலர் சேர்ந்து பேணிவரும் அத்தகைய வழுநீக்கி ஒன்றை நாங்களும் பேணிவருகிறோம். அதில் காலத்தைப் பின்னோக்கி ஓட்டும் வசதி ஒன்று உண்டு. நிரல் ஒவ்வோர் ஆணையாக நடக்கும்போது, அடுத்த ஆணை எந்த இடத்தை மாற்றப் போகிறதோ அந்த இடத்தின் பழைய மதிப்பை வழுநீக்கி முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும். பின்னோக்கிப் போகச் சொன்னால் அந்தப் பழைய மதிப்பைத் திரும்ப வைக்கும். இப்படியே ஆணை ஆணையாகத் திரும்பி நடந்தால் விளைவிலிருந்து காரணத்துக்குப் போய்ச் சேரலாம்.

ஜெரே கூண்டுப் பொறியின் நிரலை எடுத்து, அன்று நொடிக்கு நொடி பொறி சேமித்திருந்த குறிப்பலைகளை அதற்கு ஊட்டி, நடந்ததை மறுபடி நடத்திப் பதிந்துகொண்டான். பிறகு மோதலிலிருந்து பின்னோக்கி நடந்தான். மோதலில் வேகவரம்பு கல். அதற்கு முன்னும் கல். ஆட்கள் ஏறும்போதும் கல். கபாசோ இருக்கையில் வந்து அமர்ந்து விசையைத் தொட்டு முடித்த நேரத்தில், பதிவின் தொடக்கத்திலேயே, கல். எங்கும் அந்த எண் மாறவில்லை. ஆகவே கபாசோ விசையை ஆளுக்குத் திருப்பவே இல்லை என்று ஜெரே அறிக்கை கொடுத்தான். அவன் பொய் சொல்லவில்லை. கண்டதைச் சொன்னான். அன்று மாலையே கபாசோவைக் கைது செய்தார்கள்.

அதன் பிறகு ஒருநாள் சிசொகோனே சந்தையில், கருவாடு விற்கும் வரிசையில், கபாசோவின் மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினார். மும்பியின் அம்மா என்று ஊரில் அழைக்கப்படுபவர்.

"நீ வாங்க வேண்டாம் தாயி. நின்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போ" என்றார்.

"எங்கம்மா பாத்தா என்ன நடக்கும்னு தெரியும்ல?"

"காறித் துப்புனாங்க, தொடச்சுக்கிட்டேன். அவங்க எடத்துல நான் இருந்தா கல்லெடுத்திருப்பேன். ஆனா கேளு. ஆள் வெளக்கு எரிஞ்சுதுன்னு மும்பி தலையில கை வெச்சுச் சொல்றாரு. அந்த மனுசன் என்கிட்ட ஆயிரம் பொய் சொல்லியிருக்காரு, குடிக்கலேன்னு, சீட்டாடலேன்னு. பிள்ள தலையில கை வெச்சு ஒண்ணு கூடச் சொன்னதில்ல."

நான் கையை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அந்த விளக்கு என்னோடு வீட்டுக்கு வந்தது.

அதன் பிறகு, ஜெரே பதிந்து வைத்திருந்ததைப் பார்க்க வேண்டும் என்று அவனிடம் கேட்டேன். அவன் தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு, சோளக்கூழ் வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போனான்.

மோதலிலிருந்து பின்னோக்கி ஓட்டினேன். பதிவில் முகங்கள் இல்லை, குரல்கள் இல்லை, எண்கள்தாம் உண்டு. அவற்றுள் ஒன்று, கூண்டின் கயிறு தாங்கும் சுமை. பின்னோக்கி ஓட்டும்போது கூண்டு அடியிலிருந்து எழுந்து மேலே வருகிறது. வந்து நிற்கிறது. பிறகு சுமை ஓர் ஆள், ஓர் ஆள் எனக் குறைகிறது. கூண்டுக் கதவை இழுத்துச் சாத்துவது என் தம்பியின் வேலை. ஆகவே ஏறுவதில் அவன் கடைசி, பின்னோக்கி ஓட்டினால் இறங்குவதில் முதல்வன். சுமை முதன்முதலாகக் குறைகின்ற அந்த இடத்தில் நிறுத்தினேன். அங்கே அவன் கூண்டுக்கு வெளியே நிற்கிறான். சிறிது முன்னே ஓட்டினேன். ஏறினான். சிறிது பின்னே ஓட்டினேன். இறங்கினான். மறுபடி முன்னே. மறுபடி பின்னே. எத்தனை முறை என்று எனக்குத் தெரியாது.

(இவ்விடத்தில் சான்றாளர் தண்ணீர் கேட்டார். கொடுக்கப்பட்டது. சன்னலை மூடச் சொன்னார். மூடப்பட்டது.)

அவனை வெளியே இறக்கி நிறுத்தியிருந்த அந்த இடத்தில்தான், நிரலின் மற்ற எண்களையும் பார்க்கும் எண்ணம் வந்தது. விளக்குக்கு நிரல் அனுப்பியிருந்த ஆணையைப் பார்த்தேன். 'ஆள்' என்றிருந்தது. வேகவரம்பைப் பார்த்தேன். 'கல்' என்றிருந்தது. ஒரே விசையால் மாறும் இரண்டும், ஒரே நொடியில், வெவ்வேறு சொல்லின. அந்த நேரத்துக்குள் இருக்கக் கூடாத ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் உள்ள எல்லா எண்களும் கூண்டு புறப்படாத நேரத்தைச் சேர்ந்தவை. வேகவரம்பின் அந்த எண் மட்டும் ஆறு பேரும் இறந்த பின்னுள்ள நேரத்திலிருந்து வந்து, உயிரோடு நிற்பவர்களின் நடுவே காத்திருந்தது.

அதன் பிறகு ஜெரே கூழோடு திரும்பினான். பணிக்கூடத்தில் மற்றவர்களும் இருந்தார்கள். அறிக்கை கொடுத்து, அதன் மேல் ஒருவர் சிறைக்குப் போன பின், அது தவறு என்று ஓர் ஆய்வாளர் முகத்துக்கு நேரே, பிறர் முன்னிலையில் சொல்வதை எங்கள் தொழிலில் யாரும் பொறுக்கமாட்டார்கள். ஆனால் அவனிடம் எனக்கு வேறொரு வழி இருந்தது.

"வந்துட்டியா எலிதின்னி? வாசல்ல எலிப்பொறி வெச்சிருக்கோம், கால் மாட்டிக்கப் போவுது" என்றேன்.

"மரத்துலேருந்து எறங்கி நாற்காலியில உக்காரக் கத்துக்கிட்டியே, அதுவே பெரிசு" என்றான்.

"நீ குடுத்தியே அறிக்கை, அது எலி கடிச்ச அறிக்கை."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

"மொறை கொண்டாடித்தான் சொல்றேன் ஜெரே. கோவப்பட உனக்கு உரிமை கெடையாது."

அவன் கூழைக் கீழே வைத்தான். "கெடையாதுதான். சொல்லு."

"வெளக்கு ஆளுங்குது. வரம்பு கல்லுங்குது. ரெண்டும் ஒரே விசையோட பிள்ளைங்க. எப்படி?"

"வெளக்கு பழுதா இருக்கும். அதத்தான் அறிக்கையிலயும் எழுதினேன்."

"பல்பு பழுதாவும். நான் பல்பச் சொல்லல. பல்புக்கு நிரல் அனுப்பின ஆணையச் சொல்றேன். அதுல துரு ஏறாது."

அவன் திரைக்கருகே குனிந்தான்.

"வரம்பு எப்ப மாறிச்சுன்னு தேடினியா?"

"பின்னால போனேன், பின்னால போனேன், தொடக்கம் வரைக்கும் போனேன். மாறவே இல்ல. அங்கேருந்து முன்னால ஓட்டியும் பாத்தேன். அப்பவும் மாறல."

"பதிவுக்குள்ளயே முன்னால ஓட்டின. பதிவே இல்லாம வெறுமனே ஓட்டிப் பாத்தியா?"

அவையோரே, இந்தக் கேள்வியில்தான் அவன் முகம் மாறியது. பதிவுக்குள் முன்னோக்கி ஓட்டினாலும் வழுநீக்கி எந்த ஆணையையும் புதிதாகச் செய்வதில்லை. எடுத்து வைத்த மதிப்புகளையே மாற்றி மாற்றி வைக்கிறது. எடுத்து வைக்கத் தவறிய ஒன்று பின்னே போனாலும் அசையாது, முன்னே போனாலும் அசையாது. காலத்தைத் திருப்பும் கருவி கையில் இருக்கும்போது, வெறுமனே ஒருமுறை ஓட்டிப் பார்க்க எங்களுள் யாருக்கும் தோன்றாது. அது எங்கள் தொழிலுக்கே உரிய குருட்டுத்தனம்.

அன்றே வெறுமனே ஓட்டினோம். தொடக்கத்தில் வேகவரம்பு: ஆள். கபாசோ விசையைத் திருப்பியிருந்தார். ஆட்கள் ஏறும்போதும் ஆள். கூண்டு புறப்பட்ட பிறகு, நம் ஊரில் நாள்தோறும் நடப்பதுபோல, மின்சாரம் ஒரு நொடி துவண்டு நிமிர்ந்தது. நிமிர்ந்ததும் நிரல் தன் இருப்பிலிருந்த பழைய அமைப்புகளை அகலமான ஒரே ஆணையால் அள்ளி வேகவரம்பின் மேல் கொட்டியது. அந்தப் பழைய அமைப்பு, காலையில் தாதுக்கல் ஏற்றியபோது வைத்த கல் வேகம். விளக்கை அது தொடவில்லை. ஆள் விளக்கு எரிய எரிய, கூண்டு கல்லாக இறங்கியது.

அதன் பிறகு, வழுநீக்கி ஏன் இதைக் காணவில்லை என்று தேடினோம். அந்த அகல ஆணை முப்பத்திரண்டு பைட்டுகளை ஒருசேர மாற்றும். வழுநீக்கியோ, அதன் பழைய குறுகிய வடிவம் என்று எண்ணி, முதல் பாதியை மட்டும் எடுத்து வைத்தது. வேகவரம்பு இருந்தது மறுபாதியில்.

"இதுக்குச் சோதனை இருக்கே, முவாபா. நாமதானே பாத்துச் சேத்தோம். தேறிச்சே" என்றான் ஜெரே.

அந்தச் சோதனையைத் திறந்து பார்த்தோம். தொலைவிலிருந்து யாரோ ஒருவர் எழுதி அனுப்பியது. அது நினைவகத்தில் ஓர் இடத்தைச் சுழியங்களால் நிரப்புகிறது, பிறகு அகல ஆணையால் அதே இடத்தில் சுழியங்களை எழுதுகிறது, பிறகு பின்னோக்கிப் போய், பழைய சுழியம் திரும்பி வந்ததா என்று பார்க்கிறது. சுழியத்தின் மேல் சுழியம்! திரும்பி வந்தாலும் சுழியம், வராவிட்டாலும் சுழியம். என்றும் தேறும் சோதனை அது. முதலில் ஏழுகளும் அவற்றின் மேல் ஒன்பதுகளும் எழுதும்படி அதை நான் மாற்றினேன். பின்னோக்கி ஓட்டினோம். முன்பாதியில் ஏழு திரும்பி வந்தது. பின்பாதியில் ஒன்பது அசையாமல் நின்றது.

ஜெரே திரையைத் தொட்டான். "நான் ஒரு மனுசன உள்ள தள்ளிட்டேன்" என்றான். கேலி பேச யாரும் முன்வரவில்லை.

அதன் பிறகு ஆணையின் அகலத்தைச் சரியாக அறிந்து, அது மாற்றும் இடம் முழுவதையும் எடுத்து வைக்கும்படி வழுநீக்கியைத் திருத்தினோம். அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில ஆணைகளிலும் இதே பிழை இருக்கக் கண்டு அவற்றையும் திருத்தினோம். திருத்திய கருவியால் மறுபடி பதிந்து, மோதலிலிருந்து பின்னோக்கி ஓட்டினோம். மின்சாரம் துவண்ட இடத்தில் கல் போய் ஆள் திரும்பி வந்தது. கூண்டு மேலே வந்து நின்றது. சுமை ஓர் ஆள் குறைந்தது. விளக்கு: ஆள். வேகவரம்பு: ஆள். எல்லாம் அதனதன் நேரத்தில் இருந்தன. நான் அங்கேயே நிறுத்தி வைத்திருந்தேன். ஜெரே என் கையிலிருந்து விசைப்பலகையை மெல்ல எடுத்துக்கொண்டான்.

அதன் பிறகு நான் என் தாயாரிடம் போய், கபாசோ கொல்லவில்லை என்று சொன்னேன். அவர், "அப்ப நான் யாரத் திட்டுறது?" என்று கேட்டார். மறுநாள் அவர் சந்தைக்குப் போய் மும்பியின் அம்மாவிடம் கருவாடு வாங்கி வந்தார். சமைக்கவில்லை. அது இன்னும் அடுப்பங்கரையில் தாளில் சுற்றியபடி இருக்கிறது.

அதன் பிறகு நானும் ஜெரேயும் சுரங்க நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனோம். பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் எங்களை உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். நாங்கள் காட்டியதை இறுதிவரை பார்த்தார். அவருக்குப் புரிந்தது. புரியாமல் மறுத்தார் என்று நான் சொல்லமாட்டேன்.

"பாருங்கம்மா, ஆள் செஞ்ச தப்புன்னு எழுதி முடிச்சாச்சு. பொறி செஞ்ச தப்புன்னு எழுதினா கிழக்கு வாயிலயும் மூடணும். அங்கயும் இதே நிரல்தான். உற்பத்தி என்னாவுறது?" என்றார்.

"அங்க எறங்குற ஆளுங்க என்னாவுறது?" என்று ஜெரே கேட்டான்.

"கிழக்குல ஒண்ணும் நடக்கலையே தம்பி."

"மின்சாரம் இன்னும் சரியான நேரத்துல போகல, அவ்வளவுதான்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பி, "உங்க தம்பிக்கு நியாயம் கெடைக்கணும்னுதானேம்மா நாங்களும் நிக்கிறோம்? தீர்ப்பு வரட்டும், அப்புறம் பாப்போம்" என்றார்.

அங்கிருந்து எழுந்து நேரே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தோம். ஜெரே வெளியே விசிப்பலகையில் அமர்ந்திருக்கிறான். தன் அறிக்கையைத் திரும்பப் பெறும் வாக்குமூலம் கொடுக்க வந்திருக்கிறான். அவனைக் காத்திருக்க வைக்காதீர்கள்.

நடுவர் அவர்களே, இனி உங்களிடம் பேசுகிறேன். கபாசோ ஆள் விளக்கைப் பார்த்தார். அதை நம்பினார். நம்பியது குற்றமென்றால், அந்த வாயிலில் நாள்தோறும் இறங்கும் ஒவ்வொருவரும் குற்றவாளியே, என் தம்பியும் குற்றவாளியே. எங்கள் கருவியின் பிழை ஓர் எண்ணை அதற்குரிய நேரத்திலிருந்து பெயர்த்து ஓர் ஏழையின் கையில் வைத்தது. அதை அங்கிருந்து எடுக்க எங்களால் முடிந்தது. அவரைச் சிறையிலிருந்து எடுக்க உங்களால்தான் முடியும். பொறியின் நிரலும் எங்கள் கருவியும் குறிப்பலைகளும் வெளியே ஜெரேயின் மடிக்கணினியில் இருக்கின்றன. உங்கள் முன் ஓட்டிக் காட்டுகிறோம். பின்னோக்கியும் காட்டுகிறோம், முன்னோக்கியும் காட்டுகிறோம். பார்த்த பின், அவரை வீட்டுக்கு அனுப்புங்கள்.

ஆனால் அதற்கும் முன்னே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மூடிய சன்னலையும் தாண்டி இப்போது கேட்கிறதே, இது பிற்பகல் பணிமுறைக்கான சங்கு. கிழக்கு வாயிலில் ஆட்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள். யாரோ ஒருவன் கடைசியாக ஏறிக் கதவை இழுத்துச் சாத்தப் போகிறான். அவன் உள்ளே போய்விட்டால், எவ்வளவு திருத்திய கருவியாலும் அவனை உண்மையில் வெளியே இறக்க முடியாது. நான் முயன்று பார்த்தேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். என் வாயிலிருந்து வராத சொல் இதில் இல்லை. வந்த சொல் எதுவும் விடுபடவில்லை. இவை முழுதும் மெய் என்பதற்கு என் பெயரையும், இறந்தவனின் அக்காள் என்ற உறவையும் ஈடாக வைத்துக் கையொப்பமிடுகிறேன்.

துணை ஆய்வாளர் அவர்களே, எழுதியது போதும். தொலைபேசி உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கிறது. பேனாவை வைத்துவிட்டு அதை எடுங்கள். கிழக்கு வாயிலின் கூண்டை நிறுத்தச் சொல்லுங்கள்.

(ஒப்பம்) முவாபா சிபேசா

என் முன்னிலையில்: ந. சித்தாலி, துணை ஆய்வாளர்